களம்பூர்க் கை

எங்கள் தெருவில் தறிக்குப் பாவு நீட்டுகிறவன் முதல்நாளே என் கடைக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போக வேண்டும். நான் நெய்கிறவன் அல்ல. மளிகைக்கடைக்காரன், நயினார் வீடு, சமணர்கள். தாத்தா காலத்திலிருந்து இந்த நெசவுத் தெருவின் முனையில் உப்பும் புளியும் விற்கிறோம். காலையில் பாலுக்கும் சாயங்காலம் எண்ணெய்க்கும் எல்லா வீட்டிலிருந்தும் ஆள் வருகிற இடம் இது என்பதால், "நாளைக்கு இன்னார் வீட்டுப் பாவு" என்று சொல்லுகிற வேலை எப்போதோ எங்கள் தலையில் விழுந்துவிட்டது. சொன்னால் போதும். விடிந்ததும் வீட்டுக்கு இரண்டு பேராவது தெருவில் வந்து நிற்பார்கள். இதற்குக் கூலி கிடையாது. இன்றைக்கு உன் பாவுக்கு என் கை, நாளைக்கு என் பாவுக்கு உன் கை, அவ்வளவுதான்.

ஜெயவேல் வந்தது பங்குனியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம். கடையில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் வந்தான். கஞ்சிக்கு அரைக்கிலோ பச்சரிசி கேட்டான். நிறுத்துப் பொட்டலம் கட்டி முடிக்கிற வரைக்கும் தராசையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"நாளைக்கு பாவு நீட்டலாம்னு இருக்கேன் நயினாரே. எல்லாருக்கும் சொல்லிடுங்க."

நான் சரி என்றேன். வேறு என்ன சொல்ல.

"ஒருத்தரும் வரமாட்டாங்கன்னு தெரியும். சொல்லாம நீட்டிட்டான்னு பேரு வாணாம் பாருங்க, அதுக்குத்தான்."

பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டான். வலது கையை லுங்கி மடிப்புக்குள் விட்டுக்கொண்டே நடப்பது இரண்டு மாதமாக அவனுக்குப் பழக்கமாகிவிட்டது.

அந்தக் கையைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மூன்று புடவைக்கான பட்டு இழைகள், ஆயிரக்கணக்கில், அறுபது அடி நீளத்துக்குத் தெருவில் நீளும். தலைப்பக்கத்தைக் கல்தூணில் கட்டுவார்கள். கால்பக்கத்தில் ஒரு கயிறு போட்டு ஆள்தான் பிடிக்க வேண்டும். அதையும் கல்லில் கட்டினால் என்ன என்று சின்ன வயதில் நான் கேட்டதுண்டு. கல்லுக்கு விட்டுக்கொடுக்கத் தெரியாது என்று பதில் வந்தது. நடுவில் இடைவெளி விட்டு மூங்கில் குச்சிகளைச் செருகி, ஒரு குச்சிக்கு இரண்டு பேராகப் பிடித்துக்கொள்வார்கள். பிறகு கஞ்சி தடவி, பிரஷ் போட்டு, ஒட்டின இழையைப் பிரித்து, வெயில் உறைப்பதற்குள் சுருட்டிவிட வேண்டும்.

கஞ்சி குடித்த பட்டுக்கு உயிர் கம்மி. எங்கேயாவது ஒரு வெட்டு விழுந்தால், அதாவது யாராவது தடுக்கி விழுந்தோ நாய் குறுக்கே ஓடியோ பாவு திடீரென்று இழுபட்டால், பிடித்திருக்கிற அத்தனை கையும் அந்த நொடியே தளர்ந்துவிட வேண்டும். ஒரு கை மட்டும் பிடிவாதமாகப் பிடித்துக்கொண்டிருந்தால் போயிற்று, இழைகள் பொலபொலவென்று அறுந்துவிடும். யோசித்து விடுவதற்கெல்லாம் நேரம் இருக்காது. கை தானாக விட வேண்டும்.

இந்தத் தெருப் பிள்ளைகளுக்கு நடை வந்ததும் கற்றுத்தருவது இதைத்தான். அதற்கு ஒரு விளையாட்டே இருந்தது, வெட்டாட்டம். பழைய கயிறு ஒன்றைப் பத்துப் பதினைந்து பேர் வரிசையாகப் பிடித்துக்கொள்வார்கள். ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு முனையைச் சுண்டி இழுப்பான். யார் கை கடைசியாகத் திறக்கிறதோ அவர் அவுட். கரண்ட் போன சாயங்காலங்களில் தறிக்குழியிலிருந்து அப்பன்மார்கள் எழுந்து வந்து கால் உதறிவிட்டுச் சேர்ந்துகொள்வார்கள். பெண்கள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வருவார்கள். நாள் முழுக்கக் குழியில் உட்கார்ந்த ஜனம் அல்லவா, தெருவில் நின்று ஆடவும் ஓடவும் அப்படி ஓர் ஆசை. கடைக்குப் பாட்டில் எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் எண்ணெயை மறந்துவிட்டு ஆடுவார்கள். எனக்கு வியாபாரம் கெட்டாலும் பார்க்க நன்றாயிருக்கும், பொய் சொல்வானேன்.

இதில் ஒருத்திக்கு மட்டும் கை வரவில்லை. இதே தெருவில் நெய்கிற வீரனின் பெண்டாட்டி சரண்யா. அவளுக்குச் சொந்த ஊர் களம்பூர். அப்பன் ரைஸ்மில்லில் மூட்டை தூக்குகிறவர். நெல் காயப்போடுகிற களத்தில் வளர்ந்த பெண். கல்யாணமாகி வந்த முதல் மாதத்தில் மாமியார் பாவில் அவளையும் நிற்க வைத்தார்கள். ஒரு கன்றுக்குட்டி குறுக்கே வந்தது. எல்லாரும் விட்டார்கள், இவள் மட்டும் ஐயோ பாவு விழுந்துவிடுமே என்று இன்னும் இறுக்கிப் பிடித்தாள். நாற்பது இழை போய்விட்டது. அன்று முதல் தெருவில் யாராவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருந்தால் அதற்குப் பெயர் களம்பூர்க் கை. சின்னப் பிள்ளைகள்கூடச் சொல்லும். பாவு என்றால் அவளை டீ போட அனுப்பிவிடுவார்கள். அவளும் சிரித்துக்கொண்டே போய் டீ போடுவாள். வெட்டாட்டத்தில் முதல் இழுப்பிலேயே அவுட் ஆகிவிட்டு, மகன் சந்தோஷைத் தோள்மேல் தூக்கி வைத்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பாள்.

அமாவாசையன்று தறி ஓடாது. தை அமாவாசைக்கு, காலையில் படையல் முடிந்ததும், தெருவே ஒரு வேன் பிடித்துக்கொண்டு எங்கேயாவது போவது என்று முடிவாயிற்று. நான் திருமலைக்குப் போகலாம் என்றேன். மலைமேல் எங்கள் சமணக் கோயில் இருக்கிறது, பிள்ளைகளும் ஏறி இறங்கும். குழியில் உட்கார்ந்த முழங்காலை வைத்துக்கொண்டு யார் நயினாரே மலை ஏறுவது, ஆற்றுக்குப் போகலாம் என்றார்கள். அந்த வருஷம் மழை நல்ல மழை. கமண்டல நாகநதியில் தைவரைக்கும் தண்ணீர் ஓடியது. படவேடு போகிற வழியில் ஒரு தடுப்பணைக்குப் போனோம்.

அன்றைய காலையை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம்தான் வருகிறது, யார்மேல் என்று தெரியாத கோபம். அவ்வளவு நன்றாக இருந்தது. புளிசாதமும் படையல் வடையும் வாழைக்காய் வறுவலும் துணி விரித்து வைத்திருந்தது. எனக்குத் தனியாக என் தயிர்சாதம், வடிகட்டின தண்ணீர். ஆண்கள் பிள்ளைகளோடு பந்தாடினார்கள். ஜெயவேல் பெண்டாட்டி சசிகலா பத்து வயசு மகள் இனியாவோடு மணலில் ஓட்டப்பந்தயம் ஓடி ஜெயித்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு மணலிலேயே படுத்துவிட்டாள். வருஷம் பூராவும் ராட்டையில் நூல் தார் சுற்றுகிற பொம்பளை. அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

பிறகுதான் கை கோத்து ஆற்றைக் கடக்கலாம் என்று யாரோ ஆரம்பித்தார்கள். எதிரே ஒரு மணல்திட்டு இருந்தது. முழங்கால் தண்ணீர்தான். பாவுக்கு நிற்கிற மாதிரியே பெரியவர் ஒருவர், பிள்ளை ஒன்று என்று வரிசை. தலையில் வீரன். கடைசியில் சந்தோஷ். ஆறு வயசு. நான்தான் கடைசி, நான்தான் கடைசி என்று அழுது வாங்கின இடம். அவன் கையைப் பிடித்திருந்தது ஜெயவேலின் வலது கை. ஜெயவேலின் இடது கையில் இனியா.

சரண்யாவும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். பையனுடைய இன்னொரு கையைத் தான் பிடித்துக்கொள்வதாகச் சொன்னாள். தண்ணீருக்குள் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். களம்பூர்க் கை வந்து சேர்ந்தால், ஒருத்தன் விழும்போது எல்லாரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழும் என்றார்கள். வீரனும்தான் சிரித்தான். நானும் சும்மா இருந்தேனா. "நீ கரையில இரும்மா, சோத்துக்கு காக்கா வருது பாரு" என்றேன். அவள் திரும்பி வந்து சாப்பாட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அணைக்குக் கீழே சிமெண்டுத் தளம் பாசி பிடித்திருந்தது. பாதி ஆற்றில் சந்தோஷின் கால் வழுக்கியது. அவன் எடை எவ்வளவு இருக்கும், பதினெட்டு கிலோ. அந்த இழுப்பு ஜெயவேலின் கைக்கு வந்தது. கை திறந்துகொண்டது. அதுதான் நடந்தது. கரையில் நின்று நான் பார்த்தேன். அவன் இழுத்துப் பிடிக்கவும் இல்லை, உதறவும் இல்லை. கை திறந்தது. வரிசை முழுக்கக் கைகள் திறந்துகொண்டன. அடுத்த நொடி அவனே தண்ணீரில் பாய்ந்தான். பையன் தளத்தின் விளிம்பைத் தாண்டிப் போயிருந்தான். அதற்குக் கீழே மடு. முக்கால் மணி நேரம் கழித்துத்தான் எடுத்தார்கள்.

"கை தானா உட்டுடுச்சு" என்று ஜெயவேல் கரையில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருந்தான். ஆஸ்பத்திரியிலும் சொன்னான். போலீஸ்காரரிடமும் அதையே சொன்னான். அவருக்குப் புரியவில்லை. வீரன் புகார் எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டான்.

தெருவுக்கு அது புரிந்தது. புரிந்ததுதான் வினை. இரண்டு நாள் ஐயோ பாவம் என்றார்கள். பிறகு பேச்சு மாறியது. தன் பெண்ணின் கையை விட்டானா, அடுத்தவன் பிள்ளையைத்தானே விட்டான் என்றார்கள். அப்பா என் கையையும் விட்டார், நான் தண்ணீரில் உட்கார்ந்துவிட்டேன் என்று இனியா என் கடை வாசலிலேயே நின்று சொன்னது. பத்து வயசுப் பெண் பேச்சை யார் காதில் போட்டுக்கொள்கிறார்கள். ஜெயவேலை விலக்கி வைக்கிறோம் என்று யாரும் கூடிப் பேசவில்லை. அவன் பக்கத்தில் நின்று ஒரு குச்சியைப் பிடிக்க யாருக்கும் மனம் வரவில்லை, அவ்வளவுதான். வெட்டாட்டக் கயிறை யாரோ எடுத்து எறிந்துவிட்டார்கள். அவனும் தறியில் இருந்த பழைய பாவை வைத்து இரண்டு மாதம் ஓட்டினான். அது தீர்ந்துவிட்டது. புதுப்பாவை நீட்டாமல் தறியில் ஏற்ற முடியாது. தறி நின்றால் அந்த வீட்டுக்கு வேறு பிழைப்பு இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். தெருப் பெரியவர் முத்துவேலுக்கு அன்றைக்கென்று மூட்டு வலி. ஒரு வீட்டுக்காரர்கள் வெம்பாக்கத்தில் ஒரு நிச்சயதார்த்தம் என்றார்கள். இன்னொருத்தி பையனுக்குப் பரீட்சை என்றாள். ஞாயிற்றுக்கிழமையில் என்ன பரீட்சையோ. ஒரே ஓர் ஆள்தான் ஒன்றும் சொல்லாமல் எண்ணெயை வாங்கிக்கொண்டு போனார். அவரை நான் மதிக்கிறேன்.

பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவது எங்கள் வழக்கம். உள்ளே எழுந்து போகலாம் என்று இருந்தபோது வீரன் வந்தான். சவரம் பண்ணாத முகம். தீப்பெட்டி கேட்டான். காசைக் கொடுத்துவிட்டு, நாளைக்கு ஜெயா பாவாமே என்றான். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

"கால்பக்கம் கயித்த நான் பிடிக்கிறேன்னு சொல்லுங்க."

நான் அவனை நிமிர்ந்து பார்த்தேன். அவனே சொன்னான்.

"கை தானா உட்டுச்சு, கை தானா உட்டுச்சுன்னு சொல்லிகினு இருக்கான். நானும் அதே கைதான் நயினாரே, இதே தெருதான். தூக்கம் வர மாட்டேங்குது. அவன் எடத்துல நா இருந்திருந்தா உட்டிருப்பனா, உட்டிருப்பனான்னு அதே பேஜாரா இருக்குது. நாளைக்கு பாத்துடறேன். வெட்டு உழட்டும். பாவே அறுந்தாலும் உட மாட்டேன்."

சாப்பாடு இறங்கவில்லை. இதை ஜெயவேலிடம் சொல்லாவிட்டால் பாவம் எனக்கு. எழுந்து போனேன். வாசலில் சசிகலா கஞ்சியை வெள்ளைத் துணியில் வடிகட்டிக்கொண்டிருந்தாள். சொன்னேன். அவள் துணியைப் பிழிவதை நிறுத்திவிட்டாள். முதலாளி வீட்டுப் பட்டு அது, அறுந்தால் இனி யார் நம்பிப் பாவு தருவார்கள் என்று புருஷனைப் பார்த்துக் கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிடச் சொன்னாள். தன் அம்மா வீட்டிலிருந்து இரண்டு பேரை வரவழைப்பதாகச் சொன்னாள்.

ஜெயவேல் துணியை அவள் கையிலிருந்து வாங்கிப் பிழிந்தான். பிறகு, "அவரு அறுக்கறதுன்னா அறுத்துட்டு போவட்டும் சசி. அந்த உரிம அவருக்கு இல்லன்னா வேற யாருக்கு இருக்குது" என்றான். என்னிடம், வரச் சொல்லிவிடுங்கள் என்றான்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்தரை மணிக்குக் கடையைத் திறந்தேன். தெருவில் ஜெயவேலும் சசிகலாவும் பாவைத் தூக்கி வந்து கல்தூணில் தலைப்பக்கத்தைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். இனியா குச்சிகளை ஒவ்வொன்றாக எடுத்து அப்பா காட்டின இடத்தில் வைத்தாள். பச்சை உடல், அரக்குக் கரை. அந்தக் கலரே தெருவுக்கு ஒரு களை. வேறு நாளாயிருந்தால் இதற்குள் இருபது பேர் நின்றிருப்பார்கள். கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன. சாத்தின கதவுக்குப் பின்னால் காபி ஆற்றுகிற சத்தம் கேட்டது.

முதலில் வந்தவை பிள்ளைகள். அவர்களுக்குத் தெரியுமா, பாவு என்றால் விளையாட்டு என்றுதான் தெரியும். ஏழெட்டுப் பிள்ளைகள் கால்சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஓடிவந்து குச்சிக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டன. இனியாவின் முகத்தில் சிரிப்பு வந்தது. கஞ்சிப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு சசிகலா இறங்கினாள். அப்போது முத்துவேல் வீட்டுக் கதவு திறந்து பேரனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது ஒரு குரல். பிறகு எதிர்வீடு. பிறகு பக்கத்து வீடு. அதட்டவில்லை, பல் தேய்க்க வா, பால் குடிக்க வா என்றுதான் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு பிள்ளையாகக் குச்சியைத் தரையில் மெல்ல வைத்துவிட்டுப் போயிற்று. அந்த வயசிலேயே பாவு நோகாமல் கை எடுக்கத் தெரிந்திருந்தது அதுகளுக்கு. கடைசியில் இனியா மட்டும் ஒரு குச்சியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. நானே இறங்கிப் போய் ஒரு குச்சியைத் தூக்கினேன். ஜெயவேல் வேண்டாம் என்று தலையாட்டினான். என் கையும் களம்பூர்க் கைதானே, தராசு பிடித்த கை.

அப்போதுதான் வீரன் வந்தான். யாரையும் பார்க்கவில்லை. நேரே கால்பக்கம் போய்க் கயிற்றை எடுத்து வலது கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, பின்னால் சாய்ந்து பாவை இழுத்து நிறுத்தினான். பாவு தரையை விட்டு எழும்பியது. அவன் வீட்டு வாசற்படியில் சரண்யா வந்து நின்றாள். அவள் தெருவுக்கு வந்தே இரண்டு மாதம் இருக்கும்.

செத்த பிள்ளையின் அப்பனே வந்து நிற்கும்போது மூட்டு வலி என்று எத்தனை நேரம் உள்ளே உட்கார்ந்திருக்க முடியும். முத்துவேல் துண்டை உதறிக்கொண்டு வந்தார். நிச்சயதார்த்தக்காரர்கள் வந்தார்கள். பரீட்சைக்காரப் பையனும் வந்தான். பத்து நிமிஷத்தில் எல்லாக் குச்சிக்கும் ஆள் வந்துவிட்டது. ஆனால் பேச்சு இல்லை. பாவு நீட்டுகிற காலையில் இந்தத் தெருவில் கேலியும் கிண்டலும் என் கடைவரைக்கும் கேட்கும். அன்றைக்கு பிரஷ் போடுகிற சத்தம்தான் கேட்டது. சசிகலா கஞ்சி தெளித்துக்கொண்டு போக, ஜெயவேல் இழை பிரித்துக்கொண்டு போனான். கால்பக்கம் வரும்போது வீரனுக்கும் அவனுக்கும் இரண்டு முழம்தான். இருவரும் பட்டைத்தான் பார்த்தார்கள். வீரன் கயிறு பிடித்த கையின் விரல்கள் வெளுத்துப் போயிருந்தன.

ஏழு மணிக்கு எதிர்வீட்டு மாடியைத் தாண்டி வெயில் விழ ஆரம்பித்தது. ஈரம் இருக்கும்போதே சுருட்ட வேண்டும் என்று முத்துவேல் சொன்னார். காய்கிற இடத்தில் தெளிக்கச் சொல்லி இனியாவிடம் ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தாள் சசிகலா. இனியா பாவுக்கு அடியில் குனிந்து அந்தப் பக்கம் போனாள். தெருவில் தண்ணீர்க் குழாய்க்காகத் தோண்டி மூடின மேடு ஒன்று உண்டு. அதில் கால் இடறியது. விழுகிற பிள்ளை எதைப் பிடிக்கும், கைக்கு எட்டினதைத்தான் பிடிக்கும். பாவைப் பிடித்துவிட்டாள்.

வெட்டு விழுந்தது.

அத்தனை கைகளும் திறந்தன. குச்சிகள் தாழ்ந்தன, பாவு ஓர் அடி இறங்கி நின்றது. நான் கால்பக்கத்தைப் பார்த்தேன். எல்லாரும் அங்கேதான் பார்த்தார்கள். கயிறு தரையில் கிடந்தது. கையில் சுற்றியிருந்த சுற்று எப்படி அவிழ்ந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. வீரன் வெறுங்கையை முன்னால் நீட்டிக்கொண்டு நின்றான். ஐந்து விரலும் விரிந்திருந்தன. ஒரே ஓர் இழைகூட அறவில்லை.

அவன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அப்படியே தெருவில் உட்கார்ந்தான்.

"என் கையும் உட்டுச்சுடா ஜெயா" என்றான்.

இரண்டு மாதமாக ஜெயவேல் கேட்கக் காத்திருந்த வார்த்தை அது. அதைக் கேட்டால் தன் பாரம் இறங்கிவிடும் என்று நினைத்திருப்பான். ஓடிவந்து வீரன் முன்னால் குந்தி, "வாணாம்ணா, சொல்லாதண்ணா" என்று அவன் கையை மூடப் பார்த்தான். வீரன் அழுதான். பிள்ளை போன அன்றுகூட அவன் அப்படி அழவில்லை. வெறுக்க ஒருத்தன் இருந்தவரைக்கும் அவனுக்கு ஒரு பிடிப்பு இருந்தது. அதுவும் போயிற்று. குச்சி பிடித்திருந்தவர்கள் தங்கள் கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள்.

பட்டு காய்ந்துகொண்டிருந்தது. யாருக்கும் கயிற்றை எடுக்கத் தோன்றவில்லை. சரண்யா வாசற்படியை விட்டு இறங்கி வந்தாள். குனிந்து கயிற்றை எடுத்தாள். புருஷன் செய்த மாதிரியே கையில் ஒரு சுற்று, அதற்குமேல் இன்னொரு சுற்று சுற்றிக்கொண்டாள். பின்னால் சாய்ந்தாள். பாவு எழும்பியது.

முத்துவேல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு தாழ்ந்திருந்த குச்சியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

"சுருட்டு ஜெயவேலு" என்றாள்.

அவன் எழுந்து தலைப்பக்கம் போய், தூணிலிருந்து அவிழ்த்து உருளையில் சுருட்ட ஆரம்பித்தான். சுருட்டச் சுருட்டக் கால்பக்கம் பிடித்திருக்கிறவர் இழுவை குறையாமல் முன்னால் நடந்து வர வேண்டும். சரண்யா வந்தாள். ஓர் அடி, நின்று, ஓர் அடி. குச்சி வர வர ஒவ்வொருவராகக் குச்சியை உருவிக்கொண்டு விலகினார்கள். அறுபது அடி நாற்பதாயிற்று, இருபதாயிற்று. என் கடையைத் தாண்டிப் போனாள். முகத்தில் ஒன்றும் இல்லை. பாவு முழுக்க ஏறி, அவளுக்கும் ஜெயவேலுக்கும் நடுவில் நாலடி மிஞ்சியது. அவன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்துவிட்டான். உருளை கையிலிருந்து நழுவிற்று.

வெட்டு விழுந்தது. அவள் விடவில்லை. பாவின் ஓரத்தில் சில இழைகள் அறுந்து சுருண்டன.

தெருவே அதைப் பார்த்துக்கொண்டு நின்றது. அவளும் அறுந்த இழைகளைப் பார்த்தாள்.

"பாத்தியா, உடல" என்றாள். குரல் உயரவே இல்லை. "இந்தக் கையத்தான் அன்னிக்கு கரையில குந்த வெச்சீங்க."

கையிலிருந்து சுற்றை அவிழ்த்தாள். கயிறு பதிந்து தோல் உரிந்திருந்தது. கயிற்று முனையை ஜெயவேலின் வலது உள்ளங்கையில் வைத்து, அவன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடிவிட்டு, புருஷனைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குள் போனாள்.

பதினோரு இழை. சசிகலா அன்று மத்தியானமே உட்கார்ந்து முடிச்சுப் போட்டு இணைத்துவிட்டாள். மூன்று புடவையும் நெய்து போயாயிற்று. கடையில் பாவு என்று சொன்னால் இப்போது ஜெயவேல் வீட்டுக்கும் ஆள் வருகிறது. அவரவர் பிடித்துவிட்டு அவரவர் போய்விடுகிறார்கள். பிள்ளைகளை யாரும் உள்ளே கூப்பிட்டுக்கொள்வதில்லை.

சரண்யா கடைக்கு வருகிறாள். உப்பு, புளி, தீப்பெட்டி என்று கேட்கிறாள். பொட்டலத்தை அந்தக் கையில் கொடுக்க எனக்கு முகமில்லை. பலகைமேல் வைத்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறேன்.